பிள்ளைகள் பிரித்துக் கட்டிய மூட்டைகளைப் பற்றி ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளை நிருவகிக்கும் கல்வி அலுவலர்களுக்கும், அதிபர்களுக்கும், பாடசாலைகளின் குப்பையை ஏற்றிச் செல்லும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

கடந்த தவணையின் கடைசி வெள்ளிக்கிழமை காலை, நான் 26 ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த பாடசாலையின் பின்வாசலில் தரம் 8 பிள்ளைகள் 14 உரப்பைகளை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு குப்பை வண்டிக்காகக் காத்து நின்றார்கள். கழுவிக் காயவைத்த தண்ணீர்ப் போத்தல்கள் மூடி வேறாகவும் போத்தல் வேறாகவும் கட்டப்பட்டிருந்தன. யோகட் கப்புகளுக்கு ஒரு பை, பேணிகளுக்கு ஒரு பை, எழுதி முடிந்த கொப்பித் தாளுக்கும் காட்போட் மட்டைக்கும் தனித்தனிப் பைகள். வண்டி வந்தபோது அதன் பெட்டியில் சந்தைக் கழிவும் மீன் செதிலும் ஏற்கெனவே பாதிவரை நிறைந்திருந்தன. பிள்ளைகள் தூக்கிக் கொடுத்த ஒவ்வொரு பையையும் ஊழியர் வாங்கி, கட்டை அவிழ்த்து, அந்த ஈரக் கழிவின் மேலேயே கொட்டிவிட்டு, வெறும் பையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, அது நாங்க கழுவினது" என்றாள் ஒரு பிள்ளை.

"என்ன செய்யிறது தங்கச்சி, எங்களிட்ட இருக்கிறது ஒரு பெட்டிதான். பிரிச்சுத் தந்தாலும் ஒரே இடத்திலதான் கொட்டுறம்" என்றார் அவர்.

அவருடைய குரலில் எரிச்சல் இருக்கவில்லை. கையுறைகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்யும் மனிதரிடம் நான் குறை காண வரவில்லை. அவரிடம் ஒரேயொரு பெட்டியைக் கொடுத்து அனுப்பியவர்களிடமே எனக்குக் கேள்வி இருக்கிறது.

விடுமுறை முடிந்து மூன்றாம் தவணை தொடங்கியதும் கூடிய பாடசாலைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டது. பிரித்த குப்பையைச் சேர்த்துவைக்க நான்கு ஆண்டுகளுக்கு முன் பெற்றோரும் பழைய மாணவரும் தந்த தகரத்திலும் கம்பத்திலும் எழுப்பிய கொட்டிலைக் கழற்றிவிடுவது, முன்போல் எல்லாவற்றையும் விளையாட்டு மைதானத்தின் மூலைக் குழியில் போட்டு எரிப்பது என்பதே அந்தத் தீர்மானம். "பிரித்தாலும் கடைசியில் ஒரே வண்டியில்தானே போகிறது, பிறகு எதற்குப் பிள்ளைகளின் நேரத்தை வீணாக்குவான்?" என்று காரணம் சொல்லப்பட்டது. அபிவிருத்திச் சங்கத்தின் உறுப்பினர் என்ற வகையில் நான் எழுந்து மறுத்துப் பேசினேன். என் மறுப்பு கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரியாகப் பதியப்பட்டது, மறுநாள் கொட்டில் கழற்றப்பட்டது.

இந்தப் பாடசாலையின் பெயரையும் மன்றத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் இது ஒரு பாடசாலையின் சச்சரவாகச் சுருங்கிவிடும். நிலாவெளி வீதியிலிருந்து மூதூர்ப் பக்கம் வரை பல பாடசாலைகளில் பணிபுரியும் என் முன்னாள் சக ஆசிரியர்களிடம் விசாரித்தபோது, குழியும் தீப்பெட்டியும் இல்லாத பாடசாலையைச் சொல்ல அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. சேவையில் இருந்த காலத்தில், அரச ஊழியருக்கான விதித் தொகுப்பாகிய தாபனக் கோவைக்குக் கட்டுப்பட்டு இவற்றை உள்ளக் கடிதங்களாக மட்டும் எழுதினேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், ஆகவே எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். பாடசாலைகள் ஒழுங்காகப் பிரித்துத் தருவதில்லை, அதனால் தனி வண்டி அனுப்புவதில் பயனில்லை என்று மன்றத்தார் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். மன்றம் தனி வண்டி அனுப்புவதில்லை, அதனால் பிரிப்பதில் பயனில்லை என்று பாடசாலையார் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் ஒருவரையொருவர் தாங்கி நிற்கிறது, இருவருக்கும் நடுவில் குழியில் புகை எழுகிறது. இந்த வட்டத்தை உடைத்தவர்கள் பிள்ளைகள். நீங்கள் கேட்டபடி அவர்கள் பிரித்தார்கள், கழுவினார்கள், கட்டினார்கள், பின்வாசல்வரை சுமந்து வந்தார்கள். தங்கள் பங்கை முழுமையாக நிறைவேற்றிய ஒரே தரப்பின் கண்முன்னேதான் அந்த வேலை குலைக்கப்பட்டது.

பிரித்ததை ஈரக் கழிவுடன் கலப்பது என்றால் என்னவென்று நடைமுறையில் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் தீர்மானம் எடுக்கும் மேசையில் இருப்பவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தாள் உலர்ந்திருக்கும்வரைதான் அதற்கு விலை. கறிச்சாறும் மீன் நீரும் பட்டால் அந்தத் தாளை எந்த வியாபாரியும் தொடமாட்டார். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் பொறித்த தண்ணீர்ப் போத்தலைக் கழுவி நசுக்கிக் கொடுத்தால் அது துகளாகி, நாராகி, துணிக்கும் தூரிகைக்கும் போகிறது. அழுக்கோடு கலந்தால் கிடங்கில் கிடக்கிறது. பிஸ்கற் உறைகளும் சிப்ஸ் பக்கற்றுகளும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய படலங்களால் ஆனவை என்பதால், எவ்வளவு அழகாகப் பிரித்து வைத்தாலும் இங்கே வாங்க ஆளில்லை. ஆகவே பிரித்தல் என்பது அலங்காரத்துக்காகச் செய்யும் வேலை அன்று. எதற்கு விலை உண்டு, எது மக்கி எருவாகும், எதைப் பாடசாலைக்குள்ளேயே விடக்கூடாது என்பதைப் பிள்ளை தன் கையால் தெரிந்துகொள்ளும் பாடம் அது. விஞ்ஞானப் பாடநூலை வைத்துக்கொண்டு அந்த அறிவை என்னால் அவ்வளவு தெளிவாகக் கொடுக்க முடிந்ததில்லை.

அந்தப் பாடத்தில் நானும் தவறியிருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சுற்றாடல் முன்னோடிகள் என்ற மாணவர் அமைப்புக்குப் பொறுப்பாசிரியராக இருந்த முதல் ஆண்டுகளில், பாடசாலையின் விளையாட்டு இல்லங்களில் எந்த இல்லம் அதிகப் போத்தல்களைச் சேர்க்கிறதோ அதற்குக் கேடயம் என்று போட்டி வைத்தேன். மூன்றே கிழமைகளில் போத்தல்கள் மலைபோல் குவிந்தன. பிள்ளைகள் எங்கிருந்து இவ்வளவு கொண்டு வருகிறார்கள் என்று விசாரித்தபோது, வெல்வதற்காகவே சிலர் தினமும் சோடா வாங்கிக் குடித்திருக்கிறார்கள் என்பதும், ஒருவன் அம்மாவின் கடையிலிருந்து நிறைந்த போத்தல்களை எடுத்து ஊற்றிவிட்டுக் கொண்டுவந்திருக்கிறான் என்பதும் தெரியவந்தது. அடுத்த ஆண்டு போட்டியை மாற்றினோம். எந்த வகுப்பின் தொட்டி வெள்ளிக்கிழமை மாலை குறைந்த எடை காட்டுகிறதோ அந்த வகுப்புக்குக் கேடயம் என்றோம். அதன் பிறகுதான் பிள்ளைகள் தங்கள் பைகளுக்குள் என்ன வருகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். மீள்சுழற்சி கடைசியில் வரும் வழி என்பதையும், உள்ளே வராத குப்பையை எவரும் ஏற்றவோ எரிக்கவோ தேவையில்லை என்பதையும் அந்தப் பிள்ளைகள் எனக்குக் கற்பித்தார்கள்.

அப்படிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகியது, அதை அதிபர்கள் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன். பாடசாலைக் குப்பையின் பெரும் பங்கு நாமே கட்டளையிட்டு வரவழைப்பது. தைமாதம் பாடசாலை தொடங்கியதும் எல்லாப் பாடநூல்களுக்கும் கொப்பிகளுக்கும் பிறவுண் தாள் உறை போட்டு, அதன்மேல் பொலித்தீன் உறையும் போட்டுவர வேண்டும் என்று வகுப்பாசிரியர்கள் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் பாடநூலும் கொப்பியுமாக 20 என்று வைத்தாலும், 600 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் அந்த ஒரே மாதத்தில் 12,000 பொலித்தீன் உறைகள் வாங்கப்படுகின்றன. அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூலுக்கு, அன்றாடக் கூலிக்குப் போகும் தகப்பன் காசு கொடுத்து மேலாடை வாங்குகிறார். ஆண்டு முடிவில் அந்த 12,000 உறைகளும் குழிக்கு வருகின்றன. புத்தகத்தைக் காப்பதுதான் நோக்கம் என்றால் பழைய கலண்டர்த் தாளும் செய்தித்தாளும் போதும். எங்கள் தலைமுறை அப்படித்தான் படித்தது, எங்கள் புத்தகங்கள் அடுத்த வருடம் தம்பி தங்கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

கொப்பிகளின் கதையும் இதுவே. பாடத்துக்குப் பாடம் இத்தனை பக்கக் கொப்பி என்று பட்டியல் கொடுக்கிறோம். மார்கழியில் அவற்றில் மூன்றிலொரு பங்கு வெறும் தாளாக இருக்கிறது. 2022 பங்குனியில் தாள் தட்டுப்பாட்டால் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். அந்த ஆண்டு என் வகுப்பில் பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு அதே பக்கத்தில் மீண்டும் எழுதிய பிள்ளைகள் இருந்தார்கள். வைக்கோலிலிருந்தும் கழிவுத்தாளிலிருந்தும் காகிதம் செய்த வாழைச்சேனை ஆலை எங்கள் மாகாணத்திலேயே இருக்க, கழிவுத்தாளைக் குழியில் போட்டு எரிக்கப் பழகியவர்கள் நாங்கள். மிஞ்சிய தாள்களைக் கழற்றித் தைத்து விஞ்ஞானக் குறிப்பேடு செய்யும் வேலையைத் தரம் 9 பிள்ளைகள் இரண்டு வருடம் செய்தார்கள். அதற்குத் தேவைப்பட்டவை ஒரு தடித்த ஊசியும் நூலும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு பாடவேளையும்தான்.

உணவு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டைப் பற்றிச் சொல்லும்போது நான் கவனமாக இருக்க விரும்புகிறேன், ஏனெனில் இதில் பழியைத் தாய்மார்மேல் போடுவது எளிது. விடியற்காலையில் மீன்வாடிக்கோ வீட்டுவேலைக்கோ போகும் தாய், வழியிலுள்ள கடையில் இடியப்பமும் சம்பலும் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கிறாள். கடைக்காரர் லஞ்ச் சீட்டில் சுற்றி, அதைச் சொப்பிங் பையில் போட்டுக் கொடுக்கிறார். என் வகுப்பில் ஒருமுறை எண்ணியபோது 38 பிள்ளைகளில் 27 பேரின் காலை உணவு அப்படித்தான் வந்திருந்தது. பெட்டி கொண்டுவராத பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் நிறுத்தி ஏசிய ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மறுநாள் சாப்பாடே கொண்டுவராமல் இருந்துவிட்டான். எந்த நடவடிக்கையும் பிள்ளையின் வயிற்றில் கைவைக்கக் கூடாது. பாடசாலை வாசலருகேயுள்ள இரண்டு மூன்று கடைக்காரரிடம் அதிபர் நேரில் போய்ப் பேசினால், பிள்ளை கொடுக்கும் பெட்டியில் உணவைப் போட்டுத் தர அவர்கள் மறுக்கமாட்டார்கள். நாங்கள் பேசினோம், இருவர் சம்மதித்தார்கள், ஒருவர் வாழையிலைக்கே மாறினார்.

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தம் தருகிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2017 செப்டெம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள், பொலித்தீன் லஞ்ச் சீட்டையும் ரெஜிபோம் எனப்படும் நுரைப் பிளாஸ்டிக்கால் ஆன சாப்பாட்டுப் பெட்டியையும் தடைசெய்தன. சமய, சமூக, கலாசார நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரம் செய்வதைத் தடைசெய்தன. பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் திறந்தவெளியில் எரிப்பதையும் தடைசெய்தன. 2023 ஒக்ரோபர் 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, மாலை, இடியப்பத் தட்டு போன்றவையும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. ஆனால் இவ்வாண்டு இல்ல விளையாட்டுப் போட்டியில் மைதானத்தைச் சுற்றிப் பொலித்தீன் கொடித் தோரணம் கட்டப்பட்டது. பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினரின் பெயர் ரெஜிபோமில் வெட்டி ஒட்டப்பட்டது. நிகழ்வு முடிந்த மறுநாள் அவையிரண்டும் குழிக்குள் எரிந்தன. குடியியற் கல்விப் பாடவேளையில் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், சன்னல் வழியாக அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புகையை நான் 26 ஆண்டுகள் சுவாசித்தேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குழியிலிருந்து எழும் புகை மைதானத்தைத் தாண்டி ஆரம்பப் பிரிவுக் கட்டடத்துக்குள் நேராகப் புகும். வெக்கையில் சன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். இழுப்பு நோயுள்ள ஒரு பையன், குழி எரியும் நாள் எதுவென்று தெரிந்துகொண்டு அன்று பாடசாலைக்கு வராமல் இருந்ததை அவனுடைய வரவுப் பதிவேட்டிலிருந்துதான் கண்டுபிடித்தேன். குறைந்த சூட்டில் மூச்சடைத்து எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து கரித்துகளும் காபனோரொட்சைட்டும் வருகின்றன. விழாக்களுக்கு அடிக்கும் பிளெக்ஸ் பதாகை பிவிசியால் ஆனது என்பதால் அதை எரிக்கும்போது ஐதரசன் குளோரைட்டு வாயுவும் டயொக்சின் என்ற நஞ்சும் உண்டாகின்றன. டயொக்சின் உடற்கொழுப்பில் தங்கி நெடுங்காலம் இருக்கக்கூடியது. இதை உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியலில் விளக்குகிறோம், அதே வளவில் செய்தும் காட்டுகிறோம்.

எரியாமல் மிஞ்சுவது மாரியில் வெளியே வருகிறது. ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவமழை இறங்கினால் மணற்பாங்கான எங்கள் கரையோர நிலத்தில் குழி இரண்டு நாளில் நிரம்பிவிடும். பாதி கருகிய பொலித்தீன் மிதந்து, வேலியைத் தாண்டி, வாய்க்காலில் விழுந்து கடலுக்குப் போகிறது. சாம்பலும் அதில் ஊறியவையும் மணலுக்குள் இறங்குகின்றன. அந்த மணலில்தான் அயல் வீடுகளின் கிணறுகள் இருக்கின்றன. மழை விட்ட காலைகளில் பாடசாலை முள்வேலி முழுதும் லஞ்ச் சீட்டுகள் தொங்குவதைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள்.

பிரெட்ரிக் கோட்டையிலும் கடற்கரை வெளியிலும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான்களைப் பற்றி இவ்வூரில் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. உணவு வாசனை ஒட்டிய பொலித்தீனைத் தின்று அவை இறப்பதையும், இறந்தவற்றின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுக்கப்படுவதையும் நாங்கள் செய்தியாக வாசித்துப் பழகிவிட்டோம். பாடசாலை வாசலில் ஒரு பெண்மான் சம்பல் ஒட்டிய லஞ்ச் சீட்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். தரம் 6 பிள்ளைகள் மூவர் அதை மெல்லத் துரத்திச் சென்று வாயிலிருந்து விழச்செய்தார்கள். அந்தத் தாள் எங்கள் தொட்டியிலிருந்து காற்றில் பறந்து போனது. அம்பாறைப் பள்ளக்காட்டில் குப்பைமேட்டில் மேய்ந்து யானைகள் மடிவதைப் படத்தில் பார்த்து இரங்கும் நாங்கள், எங்கள் வாசல் மானுக்கு அதையேதான் பரிமாறுகிறோம்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2017 இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் போனபோது அங்குள்ள பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு நாடு முழுவதும் 180,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. ஒரு யோகட் கப்பில் தேங்கும் மழைநீர் நுளம்புக்குப் போதும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் ஆகும். தண்ணீர் வற்றினாலும் கப்பின் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பாடசாலை விடுமுறை அந்தப் பத்து நாளைவிட நீளமானது. கிண்ணியா நிகழ்வுக்குப் பிறகுதான் எங்கள் கொட்டிலுக்குக் கூரை போட வேண்டும் என்ற எண்ணமே எழுந்தது, கப்புகளும் பேணிகளும் நனையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கூரைத் தகரங்களைத்தான் இப்போது கழற்றியிருக்கிறார்கள்.

பிள்ளைகளின் நேரம் வீணாகிறது என்ற வாதத்துக்கும் பதில் சொல்கிறேன். கிழமைக்கு ஒருமுறை, நிறுப்பதற்கும் பதிவதற்கும் சேர்த்து 40 நிமிடம் போனது. அந்த நேரத்தில் பிள்ளைகள் தராசைப் பிடித்தார்கள், அட்டவணை போட்டார்கள், சலாகை வரைபு வரைந்தார்கள், சராசரி கண்டார்கள். பழைய போத்தல் வாங்குபவரிடம் கிலோவுக்கு விலை பேசினார்கள். கிடைத்த சிறு தொகையில் வகுப்பு நூலகத்துக்குப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் திகதியும் இட்டார்கள். உணவு மீதியையும் வேப்பஞ்சருகையும் அடுக்கடுக்காகப் போட்டுச் செய்த கூட்டெரு, தோட்டத்து வெண்டிக்கும் பயற்றைக்கும் போனது. ஒரு மாணவி இந்தக் கொட்டிலின் நான்கு வருடப் பதிவுகளை வைத்தே சுற்றாடல் முன்னோடிகளுக்கான ஜனாதிபதி பதக்கத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். மதிப்பீட்டாளர் வந்தால் எதைக் காட்டுவது என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவற்றை வெளிப்படையாக எழுதுகிறேன்.

உள்ளூராட்சி மன்றப் பொறுப்பாளர்களே, நான் புதிய வாகனம் கேட்கவில்லை. இருக்கும் வண்டிகளில் ஒன்றைக் கழுவி, மாதத்தில் ஒரு நாள், பாடசாலைகளின் உலர்ந்த கழிவை மட்டும் ஏற்ற ஒதுக்குங்கள். அந்த நாளை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்து எழுத்தில் கொடுங்கள். பச்சை சேதனக் கழிவுக்கு, நீலம் தாளுக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, கபிலம் உலோகத்துக்கு என்று நாட்டுக்கே வகுத்த நிறங்களைப் பாடசாலைச் சுவரில் வரைந்துவிட்டு, ஒரே பெட்டியை அனுப்புவதை நிறுத்துங்கள். ஏற்றியது எங்கே போனது, எவ்வளவு நிறை, என்ன விலை என்பதைத் தவணைக்கொருமுறை அந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரிவியுங்கள். வண்டியோடு வருபவர்களுக்குக் கையுறையும் காலணியும் கொடுங்கள்.

கல்வி அலுவலர்களே, எந்தப் பாடசாலை வளவிலும் குப்பை எரிக்கக் கூடாது என்று ஓர் எழுத்துமூல அறிவுறுத்தலை இந்த மாரிக்கு முன் அனுப்புங்கள். இருக்கும் குழிகளை மூடச் செய்யுங்கள். அடுத்த தைமாதம் எந்த வகுப்பிலும் பொலித்தீன் உறை கேட்கக் கூடாது என்று மார்கழி விடுமுறைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், பெற்றோர் வாங்கிய பிறகு சொல்வதில் பயனில்லை. விழாக்களில் பிளெக்ஸ் பதாகையும் ரெஜிபோம் எழுத்தும் வேண்டாம் என்று விருந்தினராக அழைக்கப்படும் நீங்களே முதலில் அதிபரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அது அடுத்த நாளே நடக்கும் என்பதை நான் அனுபவத்தில் அறிவேன்.

அதிபர்களே, சிற்றுண்டிச்சாலையை ஆண்டுதோறும் கேள்விப்பத்திரம் மூலம் கொடுக்கிறீர்கள். அந்த ஒப்பந்தத்தில் பொலித்தீன் சுற்றிய உணவு விற்கக்கூடாது, தட்டும் குவளையும் கழுவிப் பாவிக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளைச் சேருங்கள். கந்தளாய்க் குளத்து நீர் குழாயில் வரும் ஊரில் பிள்ளை போத்தல் தண்ணீர் வாங்குவது, பாடசாலைக் குழாயை அவன் நம்பாததால்தான். குடிநீர்த் தாங்கியைக் கழுவி, வடிகட்டி பொருத்தி, கழுவிய திகதியைப் பிள்ளைகள் காணும்படி எழுதிவையுங்கள். சாப்பாட்டுப் பெட்டி வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு அபிவிருத்திச் சங்க நிதியிலிருந்து, எவருக்கும் தெரியாமல், பெட்டி கொடுங்கள்.

அந்த ஒரு பாடசாலையின் நிருவாகத்தினரிடம் தனியாகக் கேட்பது இது. கொட்டிலின் தகரங்கள் இன்னும் மதிலோரம் சாத்திக் கிடக்கின்றன, கம்பங்கள் உக்கவில்லை. இம்மாத இறுதிக்குள் அதை அதே இடத்தில் மீண்டும் எழுப்ப அனுமதி தாருங்கள். ஆட்களையும் ஆணியையும் பழைய மாணவர்கள் கொண்டுவருவார்கள், உங்களிடம் காசு கேட்கமாட்டோம். அடுத்து உலர்ந்த கழிவு ஏற்றப்படும் நாளில் நீங்களும் மன்றத்தின் பொறுப்பாளர் ஒருவரும் பின்வாசலுக்கு வந்து, அந்தத் தரம் 8 பிள்ளைகளின் கையிலிருந்து பைகளை நேரில் வாங்கி, தனிப் பெட்டியில் ஏற்றுங்கள். இந்த மடலுக்கு எழுத்துமூலமான பதிலை இத்தவணை முடிவதற்குள் எதிர்பார்க்கிறேன். வரும் பதிலை அந்த வகுப்பில் வாசித்துக் காட்டவும் அனுமதி கோருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.